டேன்டிலயன் இல்லை, சரி. அப்புறம்?

“தம்பி, இது டேன்டிலயன்தானே? மகள் போன்ல படம் எடுத்துப் பார்த்தா, அப்படித்தான் காட்டுது” என்று களையெடுப்பை மேற்பார்க்கும் என்னிடம் கேட்டார் ஓர் ஆன்ட்டி. இல்லை என்றேன். “அப்போ என்ன செடி? கீரையா ஆயலாமா?” என்று அடுத்த கேள்வி வந்தது. யங்கியா என்று பெயரைச் சொல்லிவிட்டு, “பறிக்காதீங்க ஆன்ட்டி” என்பதோடு முடித்துக்கொண்டேன். முதல் பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை. உறுத்துவது இரண்டாவதுதான்.

டேன்டிலயன் குளிர்நாட்டுச் செடி. சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில், பூந்தொட்டியில் தானாக முளைத்து அப்படித் தெரிவது பெரும்பாலும் யங்கியா ஜப்போனிக்கா என்ற களைச்செடி. போன் ஏமாறுவதில் வியப்பில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் தரையோடு ஒட்டிய இலைவட்டமும் மஞ்சள் பூவும் மட்டுமே விழும். பூவை நெருங்கிப் பார்த்தாலும் இரண்டிலும் சூரியகாந்தியில் இருப்பதுபோன்ற நடுவட்டு கிடையாது, எல்லாம் நாக்கு மாதிரி இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து பல். ஆன்ட்டி ஓர் இலையைக் கிள்ளி, “பால் வருது பாருங்க” என்று காட்டினார். பால் இரண்டிலும் வரும்.

பார்க்க வேண்டியது தண்டை. டேன்டிலயனில் ஒரு தண்டுக்கு ஒரே பூ. தண்டு கிளைக்காது, அதில் இலை இருக்காது, ஒடித்தால் உள்ளே குழல். பூ இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலம். யங்கியாவின் மெல்லிய தண்டு மேலே கிளைத்து, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டிப் பூக்களைக் கொத்தாக வைத்திருக்கும். பூவைத் திருப்பிப் பார்த்தால், டேன்டிலயனின் வெளிப் பச்சைச் செதில்கள் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். யங்கியாவில் மடங்காது. பூ இல்லாதபோதுதான் சிக்கல். அப்போது இலைதான் துணை: டேன்டிலயனின் பற்கள் அடிப்பக்கம் நோக்கிச் சாயும், யங்கியா இலையின் நுனிமடல் பெரிதாக, உருண்டையாக இருக்கும்.

பஞ்சுவிதையைப் பார்த்து டேன்டிலயன் என்று பிள்ளைகள் ஊதுவது பல நேரம் நம்ம வெட்டுக்காயப் பூண்டு. அதில் நடுவட்டு மஞ்சள், சுற்றிலும் வெளிர் இதழ்கள், பால் கிடையாது. படர்ந்து கிடக்கும் வெடேலியா என்ற மஞ்சள் பூக்கொடியை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைப்பவர்களும் உண்டு. வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரியும், கரிசலாங்கண்ணி இலை பிரியாமல் நீண்டிருக்கும். “பெரும்பாலும்” என்பதைக் கவனிக்கவும். மடல் இல்லாத இலையும் அதே கொடியில் கிடைக்கும், ஒற்றை இலையை வைத்து வாதாடக் கூடாது.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடிந்தது. ஆயலாமா என்றதற்கு ஏன் வாய் வரவில்லை? யங்கியாவின் இளம் இலையை வேகவைத்துச் சாப்பிடும் வழக்கம் ஆசியாவில் சில இடங்களில் உண்டு. அது தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். களையெடுப்பை மேற்பார்க்கும் ஆள் சமையல் குறிப்பு தருவது முறையா? பொது இடத்துச் செடியை இஷ்டத்துக்குப் பறிக்கவும் கூடாது, பூங்காக்களில் அனுமதியில்லாமல் பறிப்பது குற்றம். சட்டம் என் பக்கம்தான். ஆனால் நான் மறுத்ததற்குச் சட்டம் காரணமில்லை.

களைக்கொல்லிதான் காரணம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தெளித்த செடி அன்றைக்கே வாடாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். கழுவினால் போய்விடும் என்றும் நம்ப முடியாது, மருந்து இலைக்குள் இறங்கி வேர் வரை போகும். எந்தத் திட்டில் எப்போது தெளித்தார்கள் என்பது இலையைப் பார்த்தால் தெரியாது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். மூக்கிரட்டையையும் பொன்னாங்கண்ணியையும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவருக்கு, காரணம் சொல்லாத ‘பறிக்காதீங்க’ எப்படிக் கேட்டிருக்கும்? இவனுக்கு என்ன தெரியும் என்று அடுத்த புளோக்கில் ஆய்ந்திருக்கலாம்.

சொல்லியிருந்தால், “அப்போ தெளிக்காத இடம் எது தம்பி?” என்றுதான் கேட்டிருப்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, எங்கே எப்போது தெளித்தார்கள் என்ற பட்டியல் கையில்தான் இருந்தது. அதைக் காட்டியிருப்பேனா என்று கேட்டால், இப்போதும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.