நடுக்கம் தீர்த்த பெருமான் சந்நிதியில்

இரவு பத்து மணிக்குமேல் கைப்பேசி ஒலித்தால் என் வலக்கை நடுங்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நரம்பில் எந்தக் குறையும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா இறந்த இரவுக்குப் பிறகு வந்த நடுக்கம் அது என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் யோசிக்க நான் துணிந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவிடைமருதூரையும் மாலையில் திருபுவனத்தையும் தரிசிப்பது என்று கும்பகோணத்தில் பேருந்து ஏறியபோதும் அந்த யோசனையைத் தள்ளிவைத்தபடியேதான் ஏறினேன்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் தலபுராணம் பலரும் அறிந்ததே. வரகுண பாண்டியன் ஏறி வந்த குதிரையின் காலில், வழியில் உறங்கிக்கொண்டிருந்த அந்தணர் ஒருவர் மிதிபட்டு இறந்தார் என்றும், அறியாமல் நேர்ந்த பிழையாயினும் அந்தணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி அவனை விடாமல் தொடர்ந்தது என்றும், அவன் கிழக்கு வாயில் வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தபோது அது வெளியிலேயே நின்றுவிட, இறைவன் அருளால் மேற்கு வாயில் வழியாக அவன் வெளியேறினான் என்றும் சொல்வார்கள். அதனால்தான் இன்றும் உள்ளே வந்த வழியாகவே அங்கே யாரும் திரும்புவதில்லை. கிழக்கு வாயிலில் பிரம்மஹத்தியின் உருவத்தைக் கண்டதும் என் கால்கள் விரைந்தன. தரிசனம் முடித்து, எல்லோரையும் போல வேறு வாயில் வழியாகவே வெளியே வந்தேன். நெஞ்சின் பாரம் மட்டும் என்னோடேயே வந்தது.

கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தொடர்வது சற்றுத் தொலைவில் உள்ள திருபுவனத்தில். பாவம் நீங்கிய பின்னும், எங்கேனும் அது மறுபடி வந்து பற்றிக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் பாண்டியனின் உடல் நடுங்கிக்கொண்டே இருந்ததாம். அந்த நடுக்கம் தீர்ந்த இடம் என்பதால் இங்குள்ள இறைவனுக்குக் கம்பஹரேஸ்வரர், நடுக்கம் தீர்த்த பெருமான் என்று பெயர். கம்பம் என்றால் நடுக்கம். பழி ஒரு தலத்தில் நீங்க, பயம் நீங்க இன்னொரு தலம் தேவைப்பட்டது என்று சொன்ன முன்னோர் மனித மனத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்!

மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) எழுப்பிய கோயில் இது. கருவறையின் மேல் தஞ்சைப் பெரிய கோயிலை நினைவூட்டும் விமானம் ஓங்கி நிற்கிறது. நரசிம்மரின் உக்கிரத்தால் உலகம் நடுங்கியபோது அதைத் தணித்த சரபேஸ்வரருக்கும் இங்கே தனிச் சந்நிதி உண்டு. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 மணி வரையிலான ராகு காலம் அவருக்கு உகந்தது என்பதால் அங்கே நல்ல கூட்டம். மூலவர் சந்நிதியிலோ பத்துப் பேர்கூட இல்லை.

தீபாராதனை முடிந்து குருக்கள் திருநீறு கொடுக்க வந்தார். நீட்டிய என் கை நடுங்கியதில் உள்ளங்கையில் விழுந்த திருநீறு விரலிடுக்கு வழியாகத் தரையில் சிந்தியது. அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை; ஒரு சொல்லும் சொல்லாமல் இன்னொரு சிட்டிகை எடுத்து அதே கையில் இட்டார். அதைப் பூசிக்கொண்டு பிராகாரத்துக்கு வந்து ஒரு தூணடியில் உட்கார்ந்தேன். இரண்டு ஆண்டுகளாக வராத அழுகை அப்போது வந்தது.

அம்மா இறந்த அந்த இரவில் நான் உறங்கவில்லை. திரையில் ‘அம்மா’ என்ற பெயர் ஒளிர்ந்ததைப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை என்று வழக்கம்போலப் புலம்பத்தான் கூப்பிடுகிறாள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று எண்ணி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அயர்ந்து தூங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். இன்னொரு துக்கச் செய்தி வந்துவிடுமோ என்றுதான் கை நடுங்குவதாக நினைத்திருந்தேன். நான் விழித்திருந்தது என்றேனும் வெளியே தெரிந்துவிடுமோ என்றல்லவா அது நடுங்கியிருக்கிறது! “பெருமானே, நான் விழித்துத்தான் இருந்தேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தச் சொற்களை என் குரலில் நான் கேட்டது அதுவே முதல் முறை.

நடுக்கம் அக்கணமே நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன். அந்தக் கையாலேயே அக்காவைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்; அறுந்திருக்கவில்லை.

“கோயில்லதான இருக்க?” என்றாள் கடைசியில். குரல் கம்மியிருந்தது. “எனக்கும் சேத்து ஒரு விளக்கு போட்டுட்டு வாடா.”

நான் எதுவும் கேட்கவில்லை. எழுந்துபோய் இரண்டு நெய் விளக்குகள் வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே சென்றேன்.