ஆறு வீதம், எதன் வீதம்?

கல்லடியில் இருக்கும் என் பெரியம்மாவின் தலையிலிருந்து, மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளரும் மெனிஞ்சியோமாக் கட்டியை அகற்றிய பின் வந்த நோயியல் அறிக்கையில், "கி-67: 6%" என்றொரு வரி இருந்தது. அதைக் கண்ட அவருடைய மகன் இரவே எனக்கு அழைப்பெடுத்து, "அண்ணன், அம்மா தப்புறதுக்கு ஆறு வீதந்தானா?" என்று கேட்டான். ஆய்வுகூடத்தில் வேலை செய்வதால் எங்கள் குடும்பத்து அறிக்கைகள் எல்லாம் முதலில் என்னிடந்தான் வரும். ஆனால் ஓர் இலக்கத்தை இத்தனை பயத்தோடு எவரும் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை.

அது உயிரின் கணக்கன்று, கலங்களின் கணக்கு. கி-67 என்பது பிரிந்து பெருகும் கலங்களின் கருவில் காணப்படும் புரதம். ஓய்ந்திருக்கும் கலத்தில் அது இராது. 1983இல் அதை இனங்காணும் பிறபொருளெதிரியை அறிவித்தவர்கள் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள். பெயரின் முற்பகுதி அந்த ஊரிலிருந்து வந்தது. சாயமிட்ட மெல்லிய இழைய வெட்டில் பெருகும் கலங்களின் கரு கபில நிறமாகவும் மற்றவை நீலமாகவும் தெரியும். நூறில் ஆறு கபிலம், அவ்வளவுதான்.

அந்த ஆறும் கல்லில் பொறித்ததல்ல. கட்டி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கூடுதலாகப் பெருகும் இடத்தைத் தேடி எண்ணுபவருக்கு ஒரு வீதமும், பரவலாக எண்ணுபவருக்கு வேறொரு வீதமும் கிடைக்கும். ஆறா எட்டா என்று மயிர் பிளப்பது வீண் வேலை.

மெனிஞ்சியோமாவில் ஏறத்தாழ 4 வீதத்தைத் தாண்டினால் கட்டி மீண்டும் முளைக்கும் வாய்ப்புக் கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுநோயிலோ இந்த வீதம் பெரும்பாலும் உயர்ந்தே இருப்பதால், ஒரு நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை அது நம்பகமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. அங்கே வயது, அன்றாட இயக்கம், எம்.ஜி.எம்.டி. என்னும் பரம்பரையலகின் மெதைலேற்றம் (அதில் மெதைல் கூட்டம் ஒட்டியிருத்தல்) ஆகியவையே கூடுதலாகப் பேசுகின்றன. சில கட்டிகளின் தரத்தையே பரம்பரையலகு தீர்மானிக்கிறது: உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மூளைக் கட்டி வகைப்பாட்டில், ஐ.டி.எச். என்னும் பரம்பரையலகில் விகாரமுள்ள அஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டி நுணுக்குக்காட்டியில் சாதுவாகத் தெரிந்தாலும், சி.டி.கே.என்.2ஏ/பி பரம்பரையலகின் இரு பிரதிகளும் இழக்கப்பட்டிருந்தால் அது மிகக் கடுமையான தரம் 4 ஆகிவிடுகிறது.

கிளினிக்கில் கேட்பதற்கு மூன்று கேள்விகளைத் தம்பிக்குச் சொன்னேன்: கட்டி எந்தத் தரம், முழுவதும் எடுபட்டதா, அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது. மறுநாள் பதில்களோடு அழைத்தான்; தரம் 1, முழுவதும் எடுத்தாயிற்று, ஸ்கேன் ஒரு வருடம் கழித்து. கி-67ஐப் பற்றி வைத்தியரிடம் கேட்கவே மறந்துவிட்டானாம்.