ஓரத்தில் பாஸ்டன்

இன்று பார்த்துக்கொண்டிருந்தது 1879-இல் அயர்லாந்தின் கால்வே பக்கம் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் குழந்தையின் பதிவு. பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், எல்லாம் மங்கிய மையில்.

ஓரத்தில் மட்டும் வேறொரு கையெழுத்து: 'பாஸ்டன், 1910'.

கைக்குழந்தைக்கும் பாஸ்டனுக்கும் என்ன சம்பந்தம்?

கல்யாணம்தான். 1908 ஈஸ்டர் முதல் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. திருமணம் எங்கே நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு, அதாவது அந்த ஊர்த் தேவாலயத்துக்கு, தகவல் போக வேண்டும். அங்குள்ள சாமியார் பழைய ஏட்டைத் தேடியெடுத்து, அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்து வைப்பார்.

முப்பது வருடம் கழித்து, கடல் தாண்டி வந்த ஒரு வரி!

1922-இல் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அதிலேயே போய்விட்டன. அதனால்தான் இந்தப் பங்கு ஏடுகள் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. சாதாரணக் குடியானவர்களின் பெயர் மிஞ்சியிருக்கும் இடங்கள் அங்கே குறைவு.

அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெரும்பாலானவை 1880 வரை. தேடுகிறவர்கள் தயவுசெய்து ஓரங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள்.