குதிரை மன்னருடையது

லண்டனில் ஓர் அச்சுப்படச் சேகரிப்பில் கேட்டலாக் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெட்டியைத் திறந்தால் குதிரைமேல் கவசத்தோடு, மன்னரை வீழ்த்திப் பின்னாளில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல், பக்கத்தில் ஓர் ஏவலாள். அச்சுக்கான செம்புத் தகட்டில் இதைச் செதுக்கியவர் பியர் லொம்பார், லண்டனுக்கு வந்து தொழில் செய்த பிரெஞ்சுக்காரர். மூலம் வான் டைக்கின் ஓவியம் என்பது தெரியும். ‘கிராம்வெல், வான் டைக் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கியது’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மேலாளர் அட்டையைத் திருப்பித் தந்தார். “வான் டைக் எப்போது இறந்தார்?” என்று மட்டும் கேட்டார்.

1641. அப்போது கிராம்வெல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அவரைக் குதிரைமேல் ஏற்றி யார் வரைந்திருக்கப் போகிறார்கள்? எனக்குக் காது சூடாகிவிட்டது.

வான் டைக் 1633-இல் வரைந்தது இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரை. வெள்ளைக் குதிரையில் வளைவுக்குள்ளிருந்து வருகிறார், குதிரைப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கிறார். அந்த மன்னரின் தலையை 1649 ஜனவரி 30 அன்று வெட்டினார்கள். அப்புறம், அதே தோரணையில் லொம்பார் செதுக்கிய தகட்டில் கிராம்வெல்லின் தலை. அதே தகட்டில் சார்லஸ் தலையோடு எடுத்த அச்சும் இருக்கிறது. தலையே இல்லாத அச்சும் இருக்கிறது! அதைத் ‘தலையற்ற குதிரைவீரர்’ என்பார்கள். தலை வெட்டுப்பட்ட மன்னருக்கு இப்படி ஒரு படம் என்றால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

செம்புத் தகட்டில் செதுக்கிய கோடுகளை அழிப்பது லேசான காரியமில்லை. முதலில் சுரண்ட வேண்டும், பிறகு தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அங்கே குழி விழுந்துவிடும். தகட்டைக் கவிழ்த்து, பின்னாலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி அந்த இடத்தை மேலே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் குழி மிச்சமிருந்தாலும் மை தேங்கி, முகத்தில் அழுக்குப் படிந்தாற்போல் அச்சாகும். அதன்பிறகுதான் புது முகம், அதுவும் இடவலம் மாற்றி. ஓர் அரசியல் மாற்றத்துக்கு ஒரு கைவினைஞர் இவ்வளவு தட்ட வேண்டியிருக்கிறது.

லென்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். கவசத்தில் கோடுகள் கயிறு பிடித்தாற்போல் ஓடுகின்றன. கழுத்துக்கு மேலே, முடியை ஒட்டிய வானத்தில் மட்டும் கோடுகள் மெலிந்து, கொஞ்சம் தயங்குகின்றன. முதல் நாள் நான் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

சரி, அட்டையைத் திருத்தியாக வேண்டும். ‘உருவப்படத்தில் இருப்பவர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். கிராம்வெல் என்றே விட்டுவிட்டு, குறிப்பில் ‘தலை நீங்கலாக, சார்லஸ் ஓவியத்தைத் தழுவியது’ என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.