எறும்புக்கு ஸ்ப்ரே அடிக்காதீங்க, சாப்பாடு கொடுத்து அனுப்புங்க

மாங்கா சீசன் வந்துட்டா எங்க பாலக்கோடு பக்கம் எந்த ஊட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான், எறும்பு தாங்க முடியல. வெயிலு ஒரு பக்கம், நடுவுல ரெண்டு கோடை மழை, உள் ரூம்ல வைக்கோல்ல பழுக்க வச்ச செந்தூராவும் பெங்களூராவும், டப்பாவுல வெல்லம், இதெல்லாம் இருந்தா எறும்பு வரத்தான செய்யும். உடனே கடைக்கு ஓடி ஸ்ப்ரே, எறும்பு சாக்பீஸ், பொடின்னு வாங்கிட்டு வந்து அடிக்கறாங்க, மறுநாள் வேற மூலையில இருந்து வருது, மறுபடியும் அடிக்கறாங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், கண்ணுல படற எறும்ப கொன்னு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இத இவ்ளோ அடிச்சு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க ஊட்ல பட்டுப்புழு வளர்க்கறோம், புழு ஷெட்டுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவருதான். எறும்பு ஸ்ப்ரேயிலயும் சாக்பீஸ்லயும் இருக்கறது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து, பட்டுப்புழுவும் பூச்சிதான, அதுக்கு அந்த மருந்து துளி பட்டாலே ஆகாது. மருந்து தொட்ட கையோட மல்பெரி தழைய எடுத்துப் போட்டா கூட போச்சு, கூடு கட்டற நேரத்துல அத்தன உழைப்பும் வீண். அதனால எங்க அத்தை ஸ்ப்ரே பாட்டில வாசப்படி தாண்ட விட மாட்டாங்க. விருந்தாளி யாராச்சும் கொசுவுக்குன்னு எடுத்தா கூட "வேணாம் கண்ணு, புழு இருக்குது"ன்னு கையில இருந்து வாங்கி வச்சிடுவாங்க.

ஆனா எறும்ப சும்மா விடவும் முடியாது, ஏன்னா புழுவுக்கு எறும்பே பெரிய எதிரி. புழு கூடு கட்டறதுக்குள்ள 4 தடவ தோல் உரிக்கும், ஒவ்வொரு தடவயும் தலைய தூக்கிட்டு அசையாம அப்படியே நிக்கும், நாங்க தூக்கத்துல இருக்குதுன்னு சொல்லுவோம், அந்த நேரத்துல எறும்பு ஏறுச்சுன்னா புழுவால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத்தான் புழு வளர்க்கற ஸ்டேண்டு கால் ஒவ்வொண்ணுக்கும் கீழ தண்ணி கிண்ணம் வைக்கறது. கிண்ணம் வச்சா மட்டும் வேல முடிஞ்சிடாது. சுண்ணாம்புத் தூளும் தழைத் தூசியும் தண்ணி மேல விழுந்து ரெண்டு நாள்ல ஆடை மாதிரி படிஞ்சிடும், எறும்பு அது மேலயே நடந்து கால் மேல ஏறிடும், நான் குனிஞ்சு உக்காந்து பார்த்திருக்கேன். தண்ணிய மாத்தணும், ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி விடணும், அப்பதான் எறும்பு மேல நிக்காம முழுகும். இன்னொண்ணு, மேல இருந்து ஒரே ஒரு மல்பெரி குச்சி தொங்கி தரைய தொட்டாலும் அதுவே பாலம்.

இப்ப சமையக்கட்டுக்கு வருவோம். எறும்பு வரிசையா நடக்கறது சும்மா பழக்கத்தால இல்ல, முதல்ல சாப்பாட்ட கண்டுபிடிச்ச எறும்பு திரும்பி போறப்ப வயித்த தரையில தேய்ச்சு வாசனை விட்டுட்டுப் போகும், அத மோந்துட்டுதான் மத்ததெல்லாம் வருது. வெளிய தெரியறது கூட்டத்துல ஒரு பங்குதான், ராணியும் முட்டையும் குஞ்சும் சுவருக்குள்ளயோ டைல்ஸ் அடியிலயோ இருக்கும், ராணி இருக்கற வரைக்கும் நீங்க கொன்னதுக்கு பதிலா புதுசு வந்துட்டே இருக்கும். இதுல மோசம் என்னன்னா, வீட்டுக்குள்ள வர்ற சின்ன மஞ்ச எறும்பு மாதிரி சில ஜாதிக்கு ஒரே கூட்டத்துல நிறைய ராணி உண்டு, ஸ்ப்ரே அடிச்சா பயந்து முட்டைய தூக்கிட்டு கூட்டம் ரெண்டா மூணா பிரிஞ்சு வேற வேற இடத்துல குடியேறிடும். ஸ்ப்ரே அடிச்ச பிறகு எறும்பு ஜாஸ்தியாச்சுன்னு சொல்றவங்க பொய் சொல்லல.

முன்ன எல்லாம் வெள்ளப் பொடி ஒண்ண வாசல்ல கோடு போடுவாங்க, காமாக்சின்னு சொல்லுவாங்க, பி.எச்.சி.ங்கற பூச்சி மருந்து அது. உடம்புலயும் மண்ணுலயும் தங்கிடும்னு 1997-ல நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. யாராச்சும் பழைய டப்பா இருக்குன்னு எடுத்துக் கொடுத்தா தயவு செஞ்சு வாங்காதீங்க, ஊடுன்னா அரிசி பருப்பு வைக்கற இடம்.

எங்க ஊட்ல வேல செய்யறது போரிக் பவுடர்தான். கேரம் போர்டுக்கு போடறது, மெடிக்கல்ல கிடைக்கும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக், நல்லா கரையணும். பஞ்ச அதுல நனைச்சு பாட்டில் மூடியில வச்சு எறும்பு போற பாதை ஓரமா வைங்க. அளவு ரொம்ப முக்கியம், ஜாஸ்தி போட்டா சீக்கிரம் சாகும்னு எல்லாரும் அள்ளி போடறாங்க, அப்படி போட்டா எறும்பு தொடாது, இல்லன்னா குடிச்ச இடத்துலயே செத்துடும், ராணி வரைக்கும் போகாது. எறும்புக்கு வயிறு ரெண்டு, ஒண்ணு தனக்கு, இன்னொண்ணு மத்தவங்களுக்கு சேர்த்து வைக்கறதுக்கு. பஞ்சு ஓரத்துல வாய வச்சு அசையாம உறிஞ்சும், வயிறு பின்னால உப்பி கண்ணாடி கணக்கா வெளிச்சம் தெரியும், அப்புறம் சுவத்துல எதிர்ல வர்றவகிட்ட நின்னு வாயோட வாய் வச்சு கொடுக்கும். இப்படியே கை மாறி மாறி குஞ்சுக்கும் ராணிக்கும் போய் சேரும், அதுக்குத்தான் மருந்து மெதுவா வேல செய்யணும்.

முதல் நாள் எறும்பு ஜாஸ்தியா வரும், பயந்துடாதீங்க, அது நல்லதுதான். அந்த பாதைய தொடைக்காதீங்க, பக்கத்துல வேற எதுவும் அடிக்காதீங்க. பஞ்சு காஞ்சா மறுபடியும் நனைங்க. ஒரு வாரம், ரெண்டு வாரம் கூட ஆகும். மெயினான விஷயம், இது விஷம், குழந்தைங்க, நாய், பூனை கைக்கு எட்டற இடத்துல வைக்கவே கூடாது, சர்க்கரை தண்ணின்னு எடுத்து குடிச்சிடப் போறாங்க, மீதிய பாட்டில்ல வச்சா மேல பெருசா எழுதி ஒட்டுங்க. கரண்டி, கப்பு எல்லாம் தனி. அத தொட்ட கையோட நாங்க தழை பக்கம் போறதே இல்ல.

எண்ணெய்க்கு வர்ற எறும்புன்னா சர்க்கரை வேலைக்காகாது. கடிக்கற சின்ன செவ்வெறும்பு நெறைய நேரம் வடை, கடலை, எண்ணெய் டப்பாவத்தான் தேடும். ஒரு துளி வெல்லப்பாகும் கொஞ்சம் அரைச்ச வேர்க்கடலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எதுக்கு கூடுதுன்னு பாருங்க, அதுலயே போரிக் துளி கலந்துக்கோங்க.

மஞ்சத்தூள், பெருங்காயம், எலுமிச்சம்பழம் இதெல்லாம் வழிய மாத்தி விடும், அவ்ளோதான். கூட்டம் குறைஞ்ச பிறகு பாதைய சோப்புத் தண்ணியில அழுத்தித் தொடைச்சு, டைல்ஸ் சந்து, பைப்பு சந்துல வெள்ளை சிமெண்ட் அடைச்சா திரும்ப வர்றது குறையும்.

ஜன்னலோரம் செம்பருத்தி வச்சிருக்கீங்களா, தண்டுல வெள்ளையா மாவுப்பூச்சி இருக்கான்னு பாருங்க. அந்த பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அத காவல் காக்கும், எதிரி பூச்சி வந்தா விரட்டும். 2008-ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து அப்புறம் மல்பெரி தோட்டத்த எல்லாம் ஒரு வழி பண்ணுச்சே, அங்கயும் எறும்பு கூடவேதான் இருக்கும். 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அந்த மாவுப்பூச்சிய அழிக்கற குட்டி குளவி கொண்டு வந்து விட்டதுக்கு அப்புறம்தான் அது அடங்குச்சு. வீட்டு செடின்னா தண்ணிய வேகமா பீய்ச்சி கழுவினாலே போதும்.

மாமரத்து முசுற மட்டும் எதுவும் பண்ணாதீங்க. இலைய ஒட்டி கூடு கட்டுமே, அந்த செவப்பு எறும்பு. கடிச்சா உயிர் போகும் தான், ஆனா மரத்துல இருக்கற புழு பூச்சிய தின்னுட்டு நமக்குத்தான் வேல செய்யுது. ஊட்டு ஓட்ட தொடற கிளைய வெட்டி விட்டீங்கன்னா அது பாட்டுக்கு மரத்துலயே இருந்துக்கும்.