சி.பால் 1

மாவு வாங்கத்தான் போனேன். வாங்காமல் வந்துவிட்டேன். அதனால் ராத்திரிக்கு உப்புமா. என் உப்புமா பற்றி இந்த வீட்டுக்கு என்ன அபிப்பிராயம் என்பது உங்களுக்கே தெரியும், அதற்குள் போக வேண்டாம்.

பால் பாட்டில் புராணமும் தெரிந்ததுதான். பிறந்து 15 மாதம் முடிந்தும் என் பிள்ளை, நம்ம துரை, பாட்டிலை விடுகிறபாடாக இல்லை. ஊசி போடப் போன அன்று டாக்டரம்மா அவன் வாயைத் திறந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதித் திட்டு முடிந்துவிட்டது, மீதியை வாயால் திட்டினார். ராத்திரி வாயில் பாட்டிலோடு தூங்கவிட்டால் முன்பல் எல்லாம் சொத்தையாகும். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பாலே போனால் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது, இரும்புச்சத்து எங்கிருந்து ஏறும்? ஒன்றரை வயதுக்குள் பாட்டில் வீட்டைவிட்டே போயிருக்க வேண்டும்.

இவர் சும்மா நிற்கக் கூடாதா? "பால் பாட்டிலுக்கு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு 1992லயே சட்டம் இருக்கு டாக்டர்" என்றார். இவருடைய பொது அறிவு எப்போதும் நமக்கு எதிர்க்கட்சிப் பக்கம் போய்த்தான் உட்காரும். சட்டம் இருந்து என்ன செய்ய? பல்லிடுக்கில் நிப்பிளைக் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வீசி, போன முகூர்த்தத்தில் மண்டபம் பூராவும் நடந்தானே, அந்த விளம்பரத்தை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த கப்புகளை வைத்துக் கொலுவே வைக்கலாம். வாத்து மூக்கு வைத்தது, இரண்டு காது வைத்தது, ஸ்ட்ரா வைத்தது, எப்படிக் கவிழ்த்தாலும் சிந்தாதது. வாத்து மூக்குக்குள் ஒரு வால்வு இருக்கிறது, உறிஞ்சினால்தான் பால் வரும். அதாவது அதுவும் பாட்டில்தான், மாறுவேடத்தில் வந்திருக்கிறது. சிந்தாத கப்பை டிவி ஸ்டாண்டில் நாலு தட்டு தட்டிச் சிந்த வைத்துக் காட்டினான். அத்தை பீரோவைத் திறந்து, இவர் குடித்து வளர்ந்த வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார். அதை வாங்கிக் காதில் வைத்து "அல்லோ" என்றான்.

தீனிக் கதை அதைவிட மோசம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி அவித்து வைப்பேன். கேரட்டை, விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதத்துக்கு வேகவைப்பேன். தொண்டையில் அடைக்கக் கூடாதே என்று திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுவேன். பத்து திராட்சை, நாற்பது துண்டு, முப்பத்தொன்பது சோபாவுக்கு அடியில். அங்கன்வாடி சத்துமாவில் பனைவெல்லம் போட்டுப் பிடித்த கொழுக்கட்டை நன்றாக இருந்தது. நான்தான் தின்றேன். நாகர்கோவிலிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மட்டிப்பழச் சீப்பும் அப்படித்தான் தீர்ந்தது. இந்த வீட்டில் சத்தான தின்பண்டம் தின்று எடை கூடுவது நான் ஒருத்திதான்.

இதற்கு நடுவில் பத்து நாளாக துரைக்கு ஒரு புதுப் பழக்கம். வலது கையைத் தலைக்கு மேலே தூக்குவான், இடது கையை இடுப்புக்குக் கீழே இறக்குவான், "ஸ்ஸ்ஸ்" என்பான். அப்புறம் கை மாற்றுவான். அத்தைக்குப் புல்லரித்துவிட்டது. "நடராசர் கணக்கா நிக்கான் பாரேன்! அவரு ஆடுன தாமிர சபை இருக்கிற ஊர்ல பொறந்த பிள்ளைல்லா!" வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, சென்னைச் சித்தியிலிருந்து துபாய் மதினி வரை கும்பிடு போட்டிருந்தார்கள். அத்தை அடுத்த தெரு டான்ஸ் டீச்சரிடம் எத்தனை வயதில் சேர்ப்பார்கள் என்றுகூடக் கேட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனை வ.உ.சி. மைதானம் வரை தூக்கிப்போவது மாமா டியூட்டி. இன்றைக்கு மாமா ஒரு கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போய்விட்டதால் நான் இடுப்பில் வைத்துக்கொண்டு மாவுக்கடைக்குக் கிளம்பினேன். பக்கத்து டீக்கடையைக் கண்டதும் பயல் துள்ளினான். துள்ளி, நடராஜர் ஆனான். நிமிர்ந்து பார்த்தேன். பாய்லருக்குப் பின்னால் மாஸ்டர் நிற்கிறார், வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே, நடுவில் ஒரு முழம் டீ.

"பெரியவர் வரலியாக்கா? தம்பிக்கு எப்பவும் போலத்தான?"

எப்பவும் போல என்றால்: கால் கிளாஸ் பால், சீனி கிடையாது, நாலு ஆத்து கூட ஆத்தணும், ஆத்துவதை அவன் பார்க்கணும். வெதுவெதுவென்று கைக்கு வந்ததை இரண்டு கையாலும் பிடித்தான். ஃபூ என்று ஊதினான். ஒரு மிடறு. நிமிர்ந்து ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தான். அடுத்த மிடறு. மேலுதட்டில் நுரை மீசை. ஒரு சொட்டு கீழே விழவில்லை. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். நான்கு கப், ஒரு வெள்ளிச் சங்கு, என் ஒரு மாதத் தூக்கம்!

"கணக்கு இருக்குக்கா" என்று நோட்டை நீட்டினார் மாஸ்டர். மாமா பெயருக்குக் கீழே 12 நாளும் ஒரே வரி: டீ 1, சி.பால் 1, உ.வடை 1. சி.பால் என்றால் சின்னப் பாலாம். உ.வடை எனக்கே புரிந்தது. சர்க்கரை வந்த நாளிலிருந்து மாமாவுக்கு அப்பளத்தைக்கூட அத்தை எண்ணித்தான் போடுவார்.

"வடையில பாதி தம்பிக்குக்கா. மிளகு ஒண்ணு விடாம பொறுக்கிட்டு, பிட்டுப் பிட்டுத்தான் குடுப்பாரு."

மீதிப் பாதியைப் பற்றி நான் கேட்கவில்லை. நானூற்றுச் சொச்சத்தைக் கொடுத்தேன். மாவுக்காசு அதில்தான் போனது.

வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டம்ளரும் டவராவும் எடுத்து ஆத்திப் பார்த்தேன். பாதி தரைக்கு, பாதி நைட்டிக்கு. துரை குடித்தான், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. கையை இன்னும் மேலே தூக்கச் சொல்லிக் காட்டினான்.

எட்டரைக்கு மாமா வந்து சாப்பிட உட்கார்ந்தார். அத்தை தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, "டீக்கடைக் கணக்கை முடிச்சிட்டேன் மாமா" என்றேன். மாமா கை தட்டிலேயே நின்றுவிட்டது. அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை.

"சொல்லலை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், அத்தைக்கும் கேட்கிற மாதிரி, "உப்புமா பிரமாதம்மா, இன்னும் ரெண்டு கரண்டி வை" என்றார்.