மொட்டைத் தலையோடு ஆண்ட ராணியின் கோயில்

ஜப்பானில் நாரா போகிறவர்கள் நேரே தோடாய்ஜி கோயிலின் பெரிய புத்தரைத்தான் பார்க்கப் போவார்கள், முதல் நாள் நானும் அங்கேதான் நின்றேன். 752-ல் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி அந்தச் சிலைக்குக் கண் திறந்தபோது அரியணையில் இருந்தவர் கோக்கென் பேரரசி. கண் எழுதிய தூரிகையில் நீளக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்களாம். நம்மூரில் தேர்வடத்தைத் தொட்டுக் கும்பிடுவோமே, அதே ஆசைதான்.

மறுநாள் அந்தப் பேரரசியே கட்டிய சாய்தாய்ஜி கோயிலுக்குப் போனேன். மேற்குப் பெருங்கோயில் என்று அர்த்தம், ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம், கூட்டமே இல்லை. 758-ல் அரியணையை விட்டு இறங்கி, தலையை மழித்துத் துறவியான பிறகு, 764-ல் ஃபுஜிவாரா நகமாரோ என்ற அமைச்சர் கலகம் செய்தபோது, நான்கு திசை காவல் தெய்வங்களுக்குச் சிலை வைப்பதாக வேண்டிக்கொண்டார். ஜெயித்தார், மொட்டைத் தலையோடே ஷோடோகு என்ற பெயரில் மறுபடி அரசியானார், நேர்ந்துகொண்டதையும் செய்தார்.

அந்த நால்வர் மண்டபத்தில் இப்போது நிற்கிற தெய்வங்கள் தீ விபத்துகளுக்குப் பிறகு வந்தவை. ராணி காலத்து மிச்சம் அவர்கள் காலடியில் நசுங்கிக் கிடக்கிற பூதங்கள்தான் என்கிறார்கள். குனிந்து பார்த்தேன், முயலகன் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த ராணி என்றாலே தோக்யோ என்ற துறவியோடு சேர்த்துத்தான் பேச்சு. அவரை அரசராக்கச் சொல்லி உசா கோயிலில் தெய்வவாக்கு வந்ததாக 769-ல் ஒரு செய்தி கிளம்பி, வாகே நோ கியோமாரோ என்ற அரசவை அதிகாரி நேரில் போய்க் கேட்டு மறுத்த வாக்கோடு திரும்பிய கதை அது. ராணியாக இல்லாமல் ஆண் அரசராக இருந்திருந்தால் இந்த வம்புகளைத் தாண்டி வேறு எதையாவது பேசியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கலகத்துக்குப் பின் ராணி செய்வித்த பத்து லட்சம் மரக் கோபுரங்களை எத்தனை பேருக்குத் தெரியும்? கையில் அடங்குகிற சின்னக் கோபுரங்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் அச்சடித்த மந்திரச் சுருள், பத்துக் கோயில்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹோர்யூஜி கோயிலில் 40,000-க்கு மேல் இன்னும் இருக்கின்றன. 770-ல் வேலை முடிந்தது, அதே ஆண்டு அவரும் போய்விட்டார், அப்புறம் 1629 வரை அந்த அரியணையில் ஒரு பெண்கூட உட்காரவில்லை.

வெளியே பழைய கிழக்குக் கோபுரத்தின் கல் மேடை மட்டும் இருக்கிறது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்ப உள்ளே போய் அந்தப் பூதங்களை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.